எம்.பி.ஏ. படித்தால் போதுமா?

பட்டப்படிப்பு முடித்த பிள்ளையை மேலே எம்.பி.ஏ. படிக்க வைப்பதா, கிடைத்த வேலைக்கு அனுப்புவதா? ஸ்ரீராமபுரம், ஓகலிபுரம், அல்சூர், மர்பி டவுன் பக்கம் ஒவ்வொரு கோடையிலும் நம்மவர் வீடுகளில் நடக்கும் விவாதம் இது. பெரும்பாலும் படிப்புதான் ஜெயிக்கிறது. அம்மாவின் வளையல் அடகுக்குப் போகிறது. அப்பா வங்கியில் கடன் மனு கொடுக்கிறார். பிள்ளை கல்லூரியில் சேர்ந்து விடுகிறான். "இனி வேலை வாங்கித் தருவது அவர்கள் பொறுப்பு" என்று வீடு நிம்மதியாகிறது.

அந்த நிம்மதிதான் ஆபத்து. ஏழரை லட்சம் ரூபாய் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்று கணக்குப் போட்டால் மாதம் சுமார் 10,300 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்து வட்டியை இதில் சேர்க்கவில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரைதான் பொதுவாக வங்கி பொறுக்கும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பிறகு தவணை வந்து நிற்கும். வேலை கிடைக்காத பையன் ஒருவன் மட்டும் கஷ்டப்படுவதில்லை. தங்கையின் படிப்பு நிற்கிறது, அப்பாவின் பி.எப். பணம் கரைகிறது.

பாடத்தில் முதல் வகுப்பு வாங்கும் பிள்ளைகளும் ஏன் பின்தங்குகிறார்கள்? அவர்களுக்கு ஆள் தெரியவில்லை. ஆங்கிலத்தில் இதை நெட்வொர்க்கிங் என்கிறார்கள். ஏதோ அமெரிக்கச் சரக்கு என்று நினைத்து நம் பிள்ளைகள் மிரளுகிறார்கள். தாத்தா காலத்திலிருந்து பெங்களூர்த் தமிழன் செய்து வந்த காரியம்தான் அது!

மில் காலத்து வழி

பின்னி மில் என்று எல்லோரும் சொல்லும் பெங்களூர் உல்லன், காட்டன், சில்க் மில் 1884-ல் ஆரம்பமானது. அந்தக் காலத்து மில்களில் விளம்பரம் பார்த்து வேலைக்கு வந்தவர்கள் குறைவு. முன்னால் வந்தவர் மேஸ்திரியிடம் சொல்லி தம்பியைச் சேர்த்தார். தம்பி மச்சானைச் சேர்த்தார். வட ஆற்காட்டிலும் சேலம், தர்மபுரி பக்கமும் இருந்து இப்படித்தான் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கோலார் தங்கவயலிலும் அதே கதை. பின்னர் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று பொதுத்துறை ஆலைகள் எழுந்தபோது பரீட்சையும் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சும் வந்தன. ஆனாலும் எந்தப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வாய் வழியாகவே நம் தெருக்களுக்கு வந்து சேர்ந்தது.

இன்று மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகளும் கடைவளாகமும் நிற்கின்றன. தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அங்குள்ள பிள்ளைகள் விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். அந்தப் பெட்டிகளில் போய்ப் பார்த்தால் தெரியும். "எங்க கம்பெனியில் ரெண்டு பேர் கேட்கிறாங்க அண்ணே, தம்பியை நாளைக்கு வரச் சொல்லுங்க" என்ற பேச்சு பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் நாலு தடவை காதில் விழும். சர்க்கார் நடத்தும் வேலைவாய்ப்பு அலுவலகத்தை விட அந்த ரயில் பெட்டி சுறுசுறுப்பானது!

ஆனால் இதில் ஒரு சிக்கல். ரயில் பெட்டியில் கிடைக்கும் வேலை, பெட்டியில் இருப்பவர்கள் பார்க்கும் வேலைதான். செக்யூரிட்டி, டெலிவரி, கணக்கெழுத்து, கடைக் கவுண்டர் வேலைகளுக்கு நம்மிடம் ஆள் தெரியும். ஒரு கம்பெனியின் விற்பனை மேலாளரையோ, வங்கியின் கடன் பிரிவு அதிகாரியையோ நம் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? எம்.பி.ஏ. படித்த பிள்ளை போக வேண்டிய கதவு அது. சொந்தக்காரர் எவரும் அந்தக் கதவுக்குள் இல்லை.

அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர் 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் புது வேலை பிடித்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: "வேலையைச் சொன்னவரை எத்தனை நாளைக்கு ஒரு முறை சந்திப்பீர்கள்?" அடிக்கடி சந்திப்பவர் மூலம் வேலை கிடைத்தது 100-ல் சுமார் 17 பேருக்கு மட்டுமே. மீதிப் பேருக்கு எப்போதாவது பார்க்கும் பழைய சகா, கூடப் படித்தவர், முன்பு வேலை செய்த இடத்து ஆள் மூலமே செய்தி வந்திருந்தது. காரணம் எளிது. நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். தூரத்து ஆளுக்குத்தான் நாம் அறியாத சேதி தெரியும்.

ஐம்பது வருடத்துக்கு முந்திய சங்கதி என்று தள்ள வேண்டாம். லிங்க்ட்இன் என்ற உத்தியோக வலைத்தளத்தில் 2 கோடிப் பேரை ஐந்து வருடம் கவனித்த ஓர் ஆராய்ச்சி 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அதுவும் ஏறக்குறைய இதையே சொன்னது. ரொம்ப நெருக்கமும் இல்லாமல், அடியோடு அந்நியமாகவும் இல்லாத இடைத்தர அறிமுகமே வேலைக்கு அதிகம் உதவுகிறதாம்.

கண் படும் என்ற பயம்

நம் வீடுகளில் வேறொரு வழக்கம். பிள்ளை எம்.பி.ஏ. சேர்ந்ததையே வெளியில் சொல்வதில்லை. "முடியட்டும், அப்புறம் சொல்லலாம். கண் படும்" என்று அம்மா வாயைப் பொத்துகிறார். பையனும் யாரிடமும் சொல்வதில்லை. அப்பா வேலை செய்யும் ஆபீசில் மேலதிகாரிக்குத் தெரியாது. அவர் தம்பி ஒரு பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பது அப்பாவுக்குத் தெரியாது. கண்ணேறு கழிக்க எலுமிச்சம்பழம் இருக்கிறது. இரண்டு வருடம் ஊமையாக இருந்து விட்ட சந்தர்ப்பத்தைத் திருப்பிக் கொண்டுவர எந்தப் பழமும் இல்லை.

இன்னொன்று கூச்சம். கேட்டால் கையேந்துவது போல் ஆகுமோ என்ற எண்ணம். மானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளிடம்தான் இது அதிகம். பெண் பிள்ளைகளிடம் இன்னும் அதிகம். முன்பின் தெரியாத ஆணுக்குக் கடிதம் எழுதினால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயம் வேறு. அதற்கு வழி உண்டு. கல்லூரியில் முன்பு படித்துப் போன அக்காமார்களிடமிருந்து ஆரம்பிக்கலாம். இரண்டு தோழிகள் சேர்ந்தே போய்ப் பார்க்கலாம்.

சிபாரிசு வேறு, அறிமுகம் வேறு. "எனக்கு வேலை போட்டுக் கொடுங்கள்" என்பது சிபாரிசு கேட்பது. இப்படி எழுதிப் பார்க்கட்டும்: "சார், நான் இன்ன கல்லூரியில் எம்.பி.ஏ. முதல் வருடம். நீங்களும் அங்கே படித்தவர் என்று தெரிந்தது. சரக்குப் போக்குவரத்துத் துறையில் வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அடுத்த வாரம் கால் மணி நேரம் ஒதுக்க முடியுமா?" இதில் பிச்சை எங்கே இருக்கிறது? பத்துப் பேருக்கு எழுதினால் ஏழு பேர் பதில் போடாமல் இருக்கலாம். போடுகிற மூன்று பேர் போதும்.

சந்திக்கப் போகுமுன் அந்தக் கம்பெனி என்ன விற்கிறது, யாருக்கு விற்கிறது என்று படித்துவிட்டுப் போக வேண்டும். உங்கள் ஒரு நாள் வேலை எப்படிப் போகும், புதிதாக வருகிற பிள்ளைகளிடம் என்ன குறை காண்கிறீர்கள் என்று கேட்கலாம். எழுந்திருக்கும் முன் கேட்க வேண்டியது: "இன்னும் யாரைப் பார்த்தால் எனக்கு உபயோகம், சார்?" அந்த ஒரு கேள்வியில் அடுத்த கதவு திறக்கும். அன்று இரவே நன்றி எழுத வேண்டும். இரண்டு மாதம் கழித்து, "நீங்கள் சொன்னபடி எக்செல் கற்றுக்கொண்டேன், ஒரு சின்ன வேலையும் செய்து பார்த்தேன்" என்று தெரிவிக்க வேண்டும். பெரும்பாலோர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். காரியம் ஆனதும் மறந்து விடுகிறவனை மறு தடவை யார் சேர்ப்பார்?

எப்போது ஆரம்பிப்பது? சேர்ந்த மாதத்திலேயே. பன்னேர்கட்டா ரோட்டில் இருக்கும் ஐ.ஐ.எம். நிலையத்தைப் பாருங்கள். 1973-ல் லாங்ஃபோர்டு ரோட்டில் வாடகைக் கட்டடத்தில் தொடங்கியது. பிறகு கர்நாடக அரசு கொடுத்த 100 ஏக்கரில், பாலகிருஷ்ண தோஷி வரைந்த கல் கட்டடங்களுக்கு மாறியது. (அதன் முதல் இயக்குநர் என்.எஸ்.ராமசுவாமி, மாட்டு வண்டியைச் சீர்திருத்தப் பாடுபட்டவர். நிர்வாகப் படிப்பு என்றால் கம்ப்யூட்டர் கம்பெனிதான் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.) அங்கே கோடையில் சேரும் மாணவருக்கு, அடுத்த கோடையில் செய்ய வேண்டிய இரண்டு மாத கம்பெனிப் பயிற்சிக்கான நேர்காணல் தீபாவளி வாக்கிலேயே வந்து விடுகிறது. அந்தப் பயிற்சியில் நன்றாகச் செய்தால் பலருக்கு அங்கேயே நிரந்தர வேலை. வேலைவாய்ப்பைக் கவனிக்க மாணவர் குழுவே உண்டு. பழைய மாணவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கட்டணமோ இரண்டு வருடத்துக்கு 24 லட்சத்துக்கு மேல்.

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது அங்கே அல்ல. பி.ஜி.சி.இ.டி. எழுதி, ஊருக்குள் இருக்கும் சாதாரண கல்லூரிகளில் சேர்கிறார்கள். அங்கே வேலைவாய்ப்பு அதிகாரி என்ற பெயரில் ஒருவர் இருப்பார். சில இடங்களில் அவரே விடுதிக் கணக்கும் பார்ப்பார்! பெரிய நிலையத்தில் தட்டில் வைத்துக் கொடுக்கும் அறிமுகத்தை இங்கே படிக்கும் பிள்ளை தானே தேட வேண்டும். ஆகவே அவனுக்கு இரண்டு மடங்கு முயற்சி தேவை.

சேருமுன் விளம்பரத்தைச் சரியாகப் படிக்கவும் பெற்றோர் கற்க வேண்டும். "சராசரிச் சம்பளம் 6.6 லட்சம்" என்று போட்டிருப்பார்கள். பத்துப் பேரில் ஒருவனுக்கு 30 லட்சம், ஒன்பது பேருக்கு 4 லட்சம் என்றாலும் சராசரி அதே 6.6 தான். வரிசையில் நடுவில் நிற்கிறவனுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். எத்தனை பேர் வேலையே கிடைக்காமல் போனார்கள், கோடைப் பயிற்சிக்கு எந்தெந்தக் கம்பெனி எடுத்தது என்றும் கேளுங்கள். முழுப்பக்க விளம்பரங்களால் நாடெங்கும் பேர் வாங்கிய ஐ.ஐ.பி.எம். நிறுவனம், எம்.பி.ஏ., பி.பி.ஏ. என்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்று டெல்லி ஐகோர்ட் 2014 செப்டம்பரில் தடை போட்டது நினைவிருக்கட்டும்.

எழுதப் படிக்கக் கன்னடம்

மூன்று தலைமுறையாக இங்கே இருந்தும் கன்னடம் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது என்ற நிலை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. மில் வேலைக்கு அது போதும். தாவணகெரேயிலும் ஹூப்ளியிலும் போய் வியாபாரிகளிடம் சரக்கு விற்க வேண்டிய எம்.பி.ஏ. பட்டதாரிக்குப் போதாது. 2024 ஜூலையில் கர்நாடக மந்திரிசபை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதமும் மற்ற பதவிகளில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரருக்கு என்பது அதன் சாரம். எதிர்ப்புக் கிளம்பியதும் இரண்டே நாளில் நிறுத்தி வைத்தார்கள். அதில் உள்ளூர்க்காரர் என்பதற்குச் சொன்ன இலக்கணம் கவனிக்கத்தக்கது: இங்கே பிறந்திருக்க வேண்டும், 15 வருடம் குடியிருந்திருக்க வேண்டும், கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்திருக்க வேண்டும். பிறப்பும் குடியிருப்பும் நம்மிடம் இருக்கின்றன. மூன்றாவதில்தான் பலர் தவறுவார்கள். இன்றே எழுத்துக் கூட்டப் பழகினால் ஆறு மாதத்தில் தினசரி படிக்கலாம்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் கன்னடப் பையன்தான் நம் பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் தூரத்து அறிமுகம். அவன் சித்தப்பா துமகூரில் தொழிற்சாலை வைத்திருக்கலாம். கேண்டீனில் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மூலையில் வட்டம் போட்டு உட்கார்ந்தால், ஸ்ரீராமபுரத்தில் ஏற்கெனவே இருக்கிற வட்டத்தைக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போனதாகவே ஆகும்.

நம்மவரில் மேலே போனவர்களும் இல்லாமல் இல்லை. அல்சூரிலும் மல்லேஸ்வரத்திலும் வளர்ந்து, இன்று ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் கண்ணாடிக் கட்டடங்களில் பெரிய நாற்காலியில் இருக்கிறார்கள். பழைய தெருப் பக்கம் அவர்கள் வருவது ஆடி மாதக் கூழுக்கும் கல்யாணத்துக்கும்தான். வந்தாலும் நம் பிள்ளைகள் அவர்களிடம் போய் நிற்கக் கூசுகிறார்கள். அவர்களும் யாராவது கடன் கேட்டு விடுவார்களோ என்று சீக்கிரம் கிளம்பி விடுகிறார்கள்!

இங்குள்ள தமிழ் அமைப்புகள் பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைக்கின்றன, பத்தாம் வகுப்பில் மார்க் வாங்கிய பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கின்றன. நல்லது. அதோடு மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் உத்தியோகத்தில் இருக்கும் நாலு பேரையும் படிக்கும் இருபது பேரையும் ஓர் அறையில் உட்கார வைக்கலாம். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், தலைமையுரை கண்டிப்பாக வேண்டாம். ஒரு மாதம் வங்கி, அடுத்த மாதம் மருந்துக் கம்பெனி, அதற்கடுத்த மாதம் சரக்குப் போக்குவரத்து. நாலு பேரில் இரண்டு பேராவது கன்னடக்காரர்களாக இருந்தால் இன்னும் விசேஷம். டீக்கும் பிஸ்கட்டுக்கும் ஆகும் செலவை அமைப்பின் கணக்கில் ஒரு வரியாக எழுதி விடலாம்.