செவி கொடுத்தலே முதற்காவல்

திருடனைப் பிடிக்கக் கால் வேண்டும்; கொலைகாரனைக் கண்டறிய மூளை வேண்டும்; அடிபட்ட குழந்தையின் துயரை அறியவோ செவி வேண்டும். இம்மூன்றும் ஒருவரிடமே அமைதல் அரிது. அரிதாயினும், அவை ஒருங்கே அமைந்தாலன்றி நடைபெற இயலாத பணி ஒன்று உண்டு. அதுவே குழந்தை வதையைப் புலனாய்வு செய்யும் பணி.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் காவல்துறையில் நெடுங்காலம் கடமையாற்றி ஓய்வுபெற்றோர் பலர் இப்பணியில் அமர்கின்றனர். குழந்தைநல அமைப்புகளும், அரசு வழக்கறிஞர் அலுவலகங்களும், பள்ளிகளும் அவர்தம் அனுபவத்தை நாடுகின்றன. இதனைக் குறித்து இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. ‘குற்றவாளியின் முகத்தைப் பார்த்தே உண்மையை உணரவல்ல போலீஸ்காரரைவிட இதற்குத் தக்கவர் யார்?’ என்பர் ஒரு சாரார். ‘கைவிலங்கு பூட்டிப் பழகிய கைக்குக் குழந்தையின் தலையை வருடத் தெரியுமோ?’ என்பர் மறுசாரார். இவ்விரண்டும் பாதி உண்மைகள். பாதி உண்மையோ முழுப் பொய்யினும் தீங்கு பயப்பது; பொய்யை மறுத்துரைக்க ஆள் உண்டு, பாதி உண்மையைத் தலையசைத்து ஏற்கவே ஆள் உண்டு.

வரலாறு காட்டும் வழி

குழந்தையைக் காக்கும் சங்கம் தோன்றுமுன்னரே விலங்கைக் காக்கும் சங்கம் தோன்றிவிட்டது என்பது நாகரிக உலகம் நாணவேண்டிய செய்தியாகும். நியூயார்க் நகரில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் 1866ஆம் ஆண்டிலேயே அமைந்தது. வளர்ப்பவளின் கொடுமைக்கு ஆளான ஒரு சிறுமியை 1874இல் மீட்பதற்கு, வேறு புகலின்மையால், அச்சங்கத்தின் நிறுவனரான ஹென்றி பெர்க்கின் துணையையே நாடவேண்டியிருந்தது. அதன் பயனாகக் குழந்தை வதைத் தடுப்புச் சங்கம் மறு ஆண்டு எழுந்தது. அதனைக் கண்டு திரும்பிய தாமஸ் அக்னியூ என்னும் வங்கியாளர் 1883இல் லிவர்பூலில் அத்தகைய சங்கமொன்றை நிறுவினார். அடுத்த ஆண்டு லண்டனில் பெஞ்சமின் வா என்னும் சமயப் போதகரின் முயற்சியால் மற்றொன்று பிறந்தது. 1889இல் அது தேசியச் சங்கமாக வளர்ந்தது. அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் குழந்தை வதையைத் தடுக்கச் சட்டம் இயற்றியது.

அத்தேசியச் சங்கம் வீடு வீடாகச் சென்று விசாரிக்க ஆய்வாளர்களை நியமித்தது. அவர்களுள் பலர் காவல்துறையிலோ படைகளிலோ முன்பு பணிபுரிந்தவர்களே. சீருடையில் வந்த அவர்களை ஏழை மக்கள் ‘கொடுமை ஆள்’ எனப் பொருள்படும் பெயரால் சுட்டினர். அப்பெயரில் அச்சம் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது. அண்டை வீட்டாரே அவர்களைத் தேடிச் சென்று முறையிட்டனர். இங்கு ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும். அவர்கள் விசாரித்தவற்றுள் பெரும்பாலானவை நீதிமன்றத்தை எட்டவில்லை. எச்சரித்தல், மீண்டும் மீண்டும் சென்று பார்த்தல், பட்டினியாயின் உதவிக்கு வழிசெய்தல் என்பனவே அவர்தம் அன்றாட வேலையாயின. குற்றத்தைத் தேடிப் பழகியோர், குழந்தையைத் தேடக் கற்றுக்கொண்டனர். இவ்வாறு மாறிய காவலரே இப்பணிக்கு உரியவர். மாறாதவர் எத்துணைத் திறமுடையோராயினும் உரியவர் அல்லர்.

கழற்ற வேண்டியது சீருடை மட்டுமன்று

காவலர் கொண்டுவரும் நற்பண்புகள் பல. கேட்டதைக் கேட்டபடியே எழுதுதல், நாளும் நேரமும் குறித்தல், கண்டதையும் கருதியதையும் வேறுபிரித்தல், சினங்கொண்டோர் வீட்டு வாயிலில் நிலைகுலையாது நிற்றல் ஆகியவை எளிதில் வாய்ப்பன அல்ல. தவழவும் தொடங்காத குழந்தையின் உடல் கன்றியிருப்பின், ‘விழுந்துவிட்டது’ என்னும் விளக்கத்தை அவர் ஏற்கமாட்டார். ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலில் காயம் இயல்பு. காதிலும் கழுத்திலும் முதுகிலும் காயம் இயல்பன்று என்பதை அவர் அறிவார்.

ஆயினும், அவர் மறக்கவேண்டியவையும் பல. வளர்ந்த ஒருவனை விசாரிக்கும் காவலர் ஒரே கேள்வியை ஐந்து முறை கேட்பார். விடைகள் முரண்பட்டால் பொய் வெளிப்பட்டதெனக் கொள்வார். குழந்தையிடம் இம்முறை பொருந்தாது. ஏன்? வகுப்பறையில் ஆசிரியர் ஒரு கேள்வியை மீண்டும் கேட்டால், முதலில் சொன்ன விடை தவறு என்பதே பொருள். அப்பாடத்தைக் குழந்தை முதலாம் ஆண்டிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறது. ஆதலின் மறுமுறை கேட்டதும், கேட்பவர் விரும்புவது யாதென ஊகித்து விடையை மாற்றுகிறது. அது பொய்யன்று, கீழ்ப்படிதல். அக்கீழ்ப்படிதலைக் கற்பித்தது பள்ளிக்கூடமே.

‘மாமா உன்னை அடித்தாரா?’ என்று கேட்பவர், விடையைத் தாமே குழந்தையின் வாயில் வைக்கிறார். ‘நடந்ததை முதலிலிருந்து சொல்’ என்பவரே உண்மைக்கு வழிவிடுகிறார். காலந்தாழ்த்திச் சொன்னால் பொய், சொன்னதைத் திரும்பப் பெற்றால் பொய் என்பது பழைய காவல்நிலையக் கணக்கு. வதைத்தவரோடு ஒரே கூரையின்கீழ் வாழும் குழந்தை காலந்தாழ்த்துவதும், தாயின் கண்ணீரைக் கண்டு பின்வாங்குவதும் இயற்கையே என்பது இன்றைய அறிவு.

இவற்றினும் பெரியது நோக்கத்தின் வேறுபாடு. ‘இதனைச் செய்தவர் யார்?’ என்பது காவலரின் கேள்வி. ‘இக்குழந்தை இன்றிரவு எங்கே உறங்கும்?’ என்பது குழந்தைப் புலனாய்வாளரின் கேள்வி. ஐயத்திற்கு இடமற்ற சான்று இல்லையெனக் காவலர் கோப்பை மூடலாம். கோப்பு மூடியபின் அக்குழந்தை திரும்புவது எந்த வீட்டிற்கு?

பிழைத்த இடங்கள்

கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில் 1983ஆம் ஆண்டில் ஒரு பாலர் பள்ளியின்மீது புகார் எழுந்தது. அந்நகரக் காவல்துறை ஏறத்தாழ 200 பெற்றோருக்குக் கடிதம் விடுத்து, ஐயத்திற்குரியவரின் பெயரையும் குறிப்பிட்டு, பிள்ளைகளை விசாரிக்குமாறு வேண்டியது. பின்னர் விசாரித்தோரும் விடையைத் தூண்டும் வினாக்களையே தொடுத்தனர். பாலகரின் கூற்றுகள் நாளுக்கு நாள் வளர்ந்து, நம்பவொண்ணாத கதைகளாயின. 1990இல் எவரும் தண்டிக்கப்படாமலேயே வழக்கு முடிந்தது. குற்றம் சாட்டப்பட்டோர் வாழ்விழந்தனர்; பிள்ளைகள் அமைதியிழந்தனர்.

இங்கிலாந்தின் கிளீவ்லாந்து வட்டாரத்தில் 1987ஆம் ஆண்டில் சில மாதங்களுக்குள் 121 குழந்தைகள் வதைக்குள்ளானதாகக் கருதப்பட்டனர். பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். மருத்துவரும் சமூகநலத்தாரும் காவலரும் ஒருவரோடொருவர் இணங்காமல் தனித்தனிவழி சென்றனர். எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 1988இல் வெளிவந்தது. காவலரும் சமூகநலத்தாரும் இணைந்து விசாரித்துக் காணொளியில் பதிவுசெய்வதற்கான நெறிமுறை 1992இல் அங்கே வகுக்கப்பட்டது. குழந்தையை அலுவலகம்தோறும் அலைக்கழியாது ஒரே கூரையின்கீழ் விசாரிக்கும் நிலையமொன்று அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரில் 1985இலேயே தோன்றியிருந்தது.

‘பொய்ப் புகாரால் ஆசிரியர் வாழ்வு பாழாகின்றதே’ என அஞ்சுவோர் இங்கே சிந்திக்கவேண்டும். நிரபராதியைக் காப்பது மௌனமன்று. பயிற்சிபெற்றவரின் முறையான விசாரணையே. கெட்ட விசாரணை குற்றவாளியைத் தப்பவிடும்; குற்றமற்றவரையும் சிக்கவைக்கும்.

மலேசிய நாட்டில்

இந்நாடு இதில் பின்தங்கியதென்று கூறுதல் பொருந்தாது. கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் குழந்தை வதையை ஆராயும் குழு 1985இல் அமைந்தது. குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் 1991இல் இயற்றப்பட்டது. அதனை உள்ளடக்கி எழுந்த 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், ஆபத்திலுள்ள குழந்தையைப் பொறுப்பேற்கச் சமூகநலப் பாதுகாவலருக்கும் காவல் அதிகாரிக்கும் அதிகாரம் வழங்கி, 24 மணி நேரத்திற்குள் நீதிமன்றத்தின்முன் நிறுத்துமாறு பணித்தது. குழந்தைச் சாட்சிக்கெனத் தனிச்சட்டம் 2007இல் வந்தது. இந்நாட்டுப் பிள்ளைகளைப் பல்லாண்டு சீரழித்த பிரிட்டிஷ் ஆடவன் ஒருவனுக்கு 2016இல் லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனைகள் விதித்தபோது நாடு அதிர்ந்தது. அடுத்த ஆண்டே குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காத எவர்க்கும் 5,000 வெள்ளிவரை அபராதம் உண்டு. ‘எவர்க்கும்’ என்னும் சொல்லில் தலைமையாசிரியரும் அடக்கம்.

சட்டம் உண்டு; காவல்துறையில் தனிப்பிரிவு உண்டு; 15999 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. எனினும் தமிழ்க் குழந்தையின் துயர் அங்குச் சென்றடைகின்றதா? இடையில் மூன்று தடைகள் நிற்கின்றன.

முதல் தடை மானம் என்னும் பெயரால் நிற்பது. ‘பள்ளியின் பெயர் கெடும்’, ‘குடும்பம் சிதையும்’, ‘நம்மவரைப் பற்றி மற்றவர் என்ன நினைப்பர்?’ என்றெல்லாம் கூறி மூடிமறைப்போர் மானங்காப்போர் அல்லர். தம் நாற்காலி காப்போர். ஒரு குழந்தையின் அழுகையை மிதித்து நிற்கும் நற்பெயர், நற்பெயராகுமோ?

இரண்டாம் தடை, பஞ்சாயத்துப் பழக்கம். புகார் கூறிய குழந்தையை அலுவலகத்திற்கு அழைத்து, தலைமையாசிரியரும் கட்டொழுங்கு ஆசிரியரும் பெற்றோர் சங்கத்தாரும் சூழ அமர்ந்து, குற்றஞ்சாட்டப்பட்டவரையும் எதிரே நிறுத்தி, ‘உண்மையைச் சொல்’ என்று கேட்பதை விசாரணை என்கின்றனர். அது விசாரணையன்று, அக்குழந்தைக்கு இழைக்கும் இரண்டாம் வதை. பயிற்சிபெற்ற காவலரே தயங்கித் தயங்கிச் செய்யும் பணியை, பயிற்சி பெறாத ஐவர் தேநீர் இடைவேளையில் செய்து முடிக்க முற்படுவது பேதைமை. அங்கே கெட்ட சாட்சியத்தைப் பின்னர் எவராலும் சீர்செய்ய இயலாது.

மூன்றாம் தடை மொழி. இதனை உணர்ந்தோர் மிகச் சிலரே. ‘மாமா’ என்பது தமிழ்க் குழந்தைக்குத் தாயின் உடன்பிறந்தவர் மட்டுமல்லர். தந்தையின் நண்பரும், கடைக்காரரும், பேருந்து ஓட்டுநரும் மாமாவே. ‘அடிச்சாங்க’ என்று குழந்தை கூறினால், அது பலரையும் குறிக்கலாம். மரியாதைக்குரிய ஒருவரையும் குறிக்கலாம். தன்னைத் துன்புறுத்தியவரையும் மரியாதையோடு சுட்டவே அக்குழந்தை பழக்கப்பட்டிருக்கிறது! அச்சொல்லை மலாயில் ‘மெரேக்கா’ என்று பெயர்த்தால் ஒருவர் பலராகிவிடுவார். பின்னர்க் குழந்தை ‘ஒருவர்தான்’ என்றால், முரண்பாடு எனக் குறிக்கப்படும். மரியாதை விகுதி ஒன்று ஒரு வழக்கைக் கவிழ்க்கவல்லது என்றால், தமிழறிந்த புலனாய்வாளரின் தேவைக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

செய்யத்தக்கன

காவல்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர்கள் இந்நாட்டில் உள்ளனர். அவர்கள் பாதுகாவலராகத் தனியார் வாயில்களில் அமர்வதைவிட, குழந்தைகளிடம் பேசும் முறையில் தக்க பயிற்சி பெற்று, சமூகநல இலாகாவுக்கும் பள்ளிகளுக்கும் துணைநிற்றல் பெரும்பயன் விளைக்கும். ஆசிரியர் பயிற்சிக் கழகங்கள் இதனைத் தனிப்பாடமாகக் கற்பித்தல் வேண்டும்.

ஆசிரியர் செய்யவேண்டியது மிகச் சிறிது. ஆனால் தவறாது செய்யவேண்டியது. குழந்தை தானே கூறுவதை இடைமறியாது கேட்டல், ‘எவரிடமும் சொல்லமாட்டேன்’ என்று பொய்வாக்கு அளியாமை, கூறிய சொற்களை அக்குழந்தையின் கொச்சை மொழியிலேயே, திருத்தாது, நாளும் நேரமும் இட்டு எழுதுதல், அன்றே அறிவித்தல். அதற்குமேல் ஒரு கேள்வியும் வேண்டா. இலக்கணப்பிழை கண்டால் சிவப்பு மையைத் தேடும் கை, இங்கே மட்டும் அடங்கியிருத்தல் வேண்டும்.

காவல் பணியிலிருந்து வந்தவர் அதட்டலை மறந்து கேட்கக் கற்றுக்கொள்கிறார். கற்பிக்கும் பணியில் இருப்பவரால் அது இயலாதென்றால், அது எவ்வகைக் கல்வி? காலையில் வரிசையில் நின்று வணக்கம் கூறும் பிள்ளைகளுள் ஒரு பிள்ளை, நேற்றிரவு உறங்காமல் வந்திருக்கலாம். அப்பிள்ளை வாய்திறக்கும் நாளில் ஆசிரியரின் செவி திறந்திருக்கட்டும்.