ஒரு பங்கு மீனில் நான்கு வயிறா?

"வரவுக்குத் தக்க செலவு செய்யுங்கள், சிக்கனமாக வாழப் பழகுங்கள்!" - உழைப்பாளியைக் கண்டதும் மேலிடத்தார் தவறாமல் வழங்குகிற உபதேசம் இது. ஆலைத் தொழிலாளி பஞ்சப்படி கேட்டாலும் இதே உபதேசம். விவசாயக் கூலி பத்து ரூபாய் சேர்த்துக் கேட்டாலும் இதே உபதேசம். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில், ஒருவர் சம்பாத்தியத்தில் குடும்பத்தைக் கரைசேர்க்கப் பாடுபடுகிற மீனவ மக்களுக்கும் இதையேதான் ஓதுகிறார்கள்.

சிக்கனம் செய்ய வேண்டுமானால் கையில் முதலில் ஏதாவது இருக்க வேண்டாமா?

பழவேற்காடு எங்கோ கிடக்கிற ஊர் அன்று. சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது. சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி நம்மிடத்தில். தெற்கே எண்ணூர் வட்டார அனல் மின்நிலையங்கள், காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். மேற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அரசாங்கம் விரித்தது. பொன்னேரி வட்டாரமும் அந்த எல்லைக்குள் வந்தது.

பட்டணம் வந்தால் வாழ்வு வரும் என்றார்கள். வந்தது என்ன? சாலையோர நிலமெல்லாம் மனைக்கல் நட்டு விலைபோகிறது. மகன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போக ஒரு துண்டு மனை வாங்குவது மீனவக் குடும்பத்துக்குக் கனவாகிவிட்டது. பிள்ளையின் பள்ளி வேன் கட்டணம், பொன்னேரி தனியார் மருத்துவமனைச் செலவு, படகுக்கு எண்ணெய், அடுப்புக்கு எரிவாயு - எல்லாம் பட்டணத்து விலை. 2025 ஏப்ரலில் ஒரே நாளில் சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏற்றினார்களே, அது அண்ணாநகருக்கும் கோட்டைக்குப்பத்துக்கும் ஒரே 50 ரூபாய்தான்!

பட்டணத்து விலை படியேறி வீட்டுக்குள் வந்துவிட்டது. பட்டணத்துச் சம்பளம் மட்டும் வழியிலேயே நின்றுவிட்டது. பழவேற்காட்டுக் குடும்பங்களின் துயரம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஏட்டில் உள்ள கணக்கு

ஒருவர் சம்பாத்தியத்தில் ஒரு குடும்பம் வாழ என்ன வேண்டும்? இந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் எழுதிவைத்த விடை உண்டு. ஆலைத் தொழிலாளர்கள் இதை நன்கு அறிவார்கள். 1957 ஜூலையில் டெல்லியில் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு அந்த விடையை வகுத்தது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். கணவனுக்கு ஒரு பங்கு, மனைவிக்கு 0.8, குழந்தைகளுக்குத் தலைக்கு 0.6, ஆக மூன்று பங்கு. பங்குக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. அரசாங்கத் தொழிலாளர் குடியிருப்புக் கணக்குப்படி வாடகை. விறகு, விளக்கு, சில்லறைச் செலவுக்கு இருபது சதவீதம். மனைவி மக்கள் சம்பாதிப்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒருவர் கூலியே இவ்வளவையும் தாங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

1991-இல் ரெப்டகோஸ் பிரெட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் சேர்த்தது. பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை, கல்யாணம், முதுமை ஆகியவற்றுக்கு மேலும் இருபத்தைந்து சதவீதம் வேண்டும் என்றது.

இந்தக் கணக்கு ஆலையிலேயே முழுதாக அமலாகவில்லை என்பது வேறு கதை. ஆயினும் பேச்சுவார்த்தையில் தொழிலாளி அதை எடுத்து மேஜைமேல் வைக்க முடிகிறது. ஏரிக்கரை மீனவர் இதை எந்த மேஜையில் வைப்பது? அவருக்கு முதலாளி யார்? சம்பளச் சீட்டு எங்கே?

ஏரியில் உள்ள கணக்கு

மீனவருக்குக் கூலி கிடையாது; பங்குதான். கடலுக்குப் போகிற படகில் எண்ணெய்ச் செலவு முதலில் கழியும். படகுக்கும் வலைக்கும் பங்கு போகும். மிச்சம்தான் ஏறிய ஆட்களுக்கு. மீன் படாத நாளில் மிச்சம் ஏது? எண்ணெய்க் கடன்தான் மிச்சம்!

ஏரிக்குள் பாட்டுமுறை நடக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிற ஒழுங்கு அது. நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொள்ளாதபடி, முறை வைத்து வலை கட்டுவார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால், முறை வந்த நாளில்தான் நல்ல வருமானம். வயிற்றுக்கோ தினமும் முறை!

பிடித்ததை விற்கப் போனால் அங்கே வியாபாரி உட்கார்ந்திருக்கிறார். வலை வாங்க, கல்யாணம் செய்ய, ஆஸ்பத்திரிக்கு என்று அவரிடம் முன்பணம் வாங்கியவர், மீனை அவரிடமே போட வேண்டும். விலை அவர் சொல்வது. எடை அவர் போடுவது. ஏரி இறால் வெளிநாட்டு மேஜைக்குப் போகிறது, டாலராகத் திரும்பிவருகிறது. அந்த டாலரில் வலை இழுத்த கைக்கு எத்தனை காசு?

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் பெருக அது தேவை என்பதில் தகராறு இல்லை. அந்தக் காலத்துக்குக் கடலோர மீனவக் குடும்பம் ஒன்றுக்கு 5,000 ரூபாயாக இருந்த நிவாரணத்தை 8,000 ரூபாயாக்குவதாக 2023 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. உயர்வு நல்லதே. ஆனால் வகுத்துப் பாருங்கள், தோழர்களே! நாளைக்கு 131 ரூபாய். நால்வருக்கு அதைப் பிரித்தால் தலைக்கு 33 ரூபாய் தேறாது. 2024-25-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 319 ரூபாய். அதுவே போதாது என்றுதான் விவசாயத் தொழிலாளர்கள் குரல் கொடுத்தார்கள். அதில் பாதிகூட இல்லை இது!

இந்த நிலையில் ரேஷன் அரிசியும் இல்லையென்றால் பல வீடுகளில் உலையே ஏறாது.

ஒருவர் சம்பாத்தியமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குப்பத்துக் குடும்பத்தை "ஒருவர் சம்பாத்தியக் குடும்பம்" என்று எழுதிக்கொள்கிறவர்கள் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள்.

விடிவதற்குள் ஏலக்கூடத்தில் நிற்பது யார்? மீன் கூடையைத் தலையில் சுமந்து பொன்னேரி, மீஞ்சூர் தெருக்களில் கூவி விற்பது யார்? விலைபோகாத மீனை உப்பிட்டுக் கருவாடாக்குவது யார்? இருளர் பெண்கள் பனையோலைப் பறியோடு கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்களே, அது எந்தக் கணக்கில் வருகிறது? ஏரியில் பாட்டு உரிமை ஆண் வழியில் போகிறது. வீட்டில் கடன்காரனுக்குப் பதில் சொல்வது மட்டும் பெண் வழியில் வருகிறது!

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. கூடை சுமக்கிற பெண்ணுக்கு அது அன்றாடம் மிச்சமாகிற காசு. அதே ஆண்டு டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் வாடை அடிக்கிறது என்று ஒரு மூதாட்டியைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊரே கொதித்தது; நடவடிக்கை வந்தது. மீன் மட்டும் மணக்க வேண்டும், மீன் விற்கிற தாய் மட்டும் நாறுகிறாளா?

1957 மாநாடு மனைவிக்கு 0.8 பங்கு உணவு என்று எழுதியது. குப்பத்துப் பெண்ணின் உழைப்பை அளந்தால் ஒன்றுக்குக் குறையுமா?

வருமானத்தின் வேர்

விலைவாசி ஒரு பக்கம் நெருக்க, வருமானத்தின் வேரே மறுபக்கம் அறுபடுகிறது. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கின்றன. முகத்துவாரம் மணலடித்துத் தூர்ந்தால் இறால் வராது. கோடையில் ஏரித் தண்ணீரும் உப்பேறிப்போகும். ஆகவே முகத்துவாரம் திறந்திருப்பது மீனவருக்குச் சம்பளப் பட்டுவாடாக் கதவு திறந்திருப்பதற்குச் சமம்.

அந்தக் கதவைச் சுற்றி நடப்பதென்ன? எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின்நிலையத்தின் சாம்பலும் சுடுநீரும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கொசஸ்தலையில் கலந்த எண்ணெய். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் தொழிலுக்குப் போகத் தடை. 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக்கும் திட்டம். கரை அரித்து முகத்துவாரம் கெடும் என்று குப்பத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. ஒன்றுபட்ட குரலுக்கு உள்ள பலம் அது.

"ஏரி போனால் என்ன, துறைமுகத்தில் வேலை கிடைக்குமே!" என்பார்கள் சில மேதாவிகள். வேலை வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் எந்த வேலை? ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலி, நாளை வரவேண்டாம் என்றால் கேள்வியில்லை. ஒப்பந்த முறையின் ருசி ஆலைத் தொழிலாளிக்குத் தெரியாததா? தலைமுறை தலைமுறையாகச் சோறு போடும் ஏரியைக் கொடுத்துவிட்டு, மாதம் மாறினால் மாறிவிடும் வேலையை வாங்குவது எந்த ஊர் வியாபாரம்?

செய்ய வேண்டியது

கோரிக்கைகள் தெளிவானவை. தடைக்கால நிவாரணத்தை நாளொன்றுக்கு ஒரு நாள் கூலியாவது தேறும்படி நிர்ணயிக்க வேண்டும். ஏரித் தொழிலாளருக்கும், தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கும், மீன் விற்கும் பெண்களுக்கும் வருமானமற்ற நாட்களுக்கு உதவி வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் கடனும், ஏலமும், குறைந்தபட்ச விலையும் வந்தாலன்றி முன்பணச் சங்கிலி அறாது. முகத்துவாரம் ஆண்டு முழுதும் திறந்திருக்க வேண்டும். குப்பத்து நிலத்துக்குப் பட்டா வேண்டும். அதில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும். வட்டாரத் தொழிற்சாலைகளில் குப்பத்துப் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை வேண்டும்.

இவை கிடைக்க ஒன்று அவசியம். பாட்டு ஊர், பாட்டு இல்லாத ஊர் என்றும், பட்டினவர், இருளர் என்றும், தமிழ்நாட்டு வலை, ஆந்திரா வலை என்றும் ஏரி மக்கள் பிரிந்து நிற்கிறவரை வியாபாரிக்குக் கொண்டாட்டம். மீன் குறையக் குறையச் சண்டை வளரும். சண்டை வளர வளர விலை சரியும். இதை மீனவ மக்கள் சிந்திக்க வேண்டும்.

ஆலைத் தோழர்களும் வயல் தோழர்களும் இதை வேறு யாரோ ஒருவருடைய துயரம் என்று எண்ண வேண்டாம். பஞ்சப்படி வெட்டப்படுகிறபோது ஆலைத் தொழிலாளியின் வீட்டிலும், நடவு இல்லாத மாதத்தில் விவசாயத் தொழிலாளியின் வீட்டிலும் எழுகிற கேள்விதான் குப்பத்திலும் எழுகிறது. ஒருவர் உழைப்பில் நான்கு பேர் மானத்தோடு வாழ வேண்டும் என்று 1957-இல் எழுதிவைத்த கணக்கை ஆலை வாசலிலும், வயல் வரப்பிலும், ஏரிக்கரையிலும் சேர்ந்தே கேட்போம்!