திசு வளர்ப்புக் கன்று நட்டால் மருந்துச் சத்து கூடுமா?

''கீழக்கரை பக்கம் மூன்று ஏக்கர் மணல் நிலம் இருக்கிறது. மானாவாரியாக நித்தியகல்யாணி சாகுபடி செய்ய விருப்பம். திசு வளர்ப்புக் கன்றுகளை நட்டால் மருந்துச் சத்து பல மடங்கு கூடும், இலைக்கு அதிக விலை கிடைக்கும் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?''

- வாசகர், கீழக்கரை.

கொடுக்க வேண்டாம். திசு வளர்ப்பு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, வாழைக்குச் செய்வதுபோல கன்று உற்பத்தி. இதில் தாய்ச்செடியின் குணம்தான் கன்றுக்கு வரும். தாயிடம் இல்லாத சத்து கன்றில் கூடாது.

இரண்டாவது, ஆய்வகக் குடுவையில் செடியின் செல்களை மட்டும் வளர்ப்பது. மருந்துச் சத்தைக் கூட்டும் வேலை இங்குதான் நடக்கிறது. பூச்சி, பூஞ்சணத்திடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத்தான் செடி பெரும்பாலும் இந்தச் சத்துகளைத் தயாரிக்கிறது. குடுவையில் ஈஸ்ட் சாறு, கைட்டோசான், மெத்தில் ஜாஸ்மோனேட் போன்றவற்றைச் சிறிதளவு சேர்த்தால், எதிரி வந்துவிட்டதாக நினைத்து செல்கள் சத்தைக் கூடுதலாகச் சுரக்கும். ஜப்பானில் 1983-ம் ஆண்டிலேயே ஷிகோனின் என்ற சிவப்புச் சாயப்பொருளை இப்படிச் செல்களிலிருந்து வணிகரீதியாக எடுத்தார்கள். அந்தச் செல்கள் தொட்டியோடு சரி, வயலுக்கு வருவதில்லை.

நித்தியகல்யாணியில் இதற்கும் ஒரு தடை உண்டு. ரத்த அழுத்த மருந்துக்கான அஜ்மாலிசின், குடுவைச் செல்களில் கிடைக்கிறது. ஆனால், புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினுக்குத் தேவையான வின்டோலின், இலையில் உள்ள பலவகைச் செல்கள் சேர்ந்து உழைத்தால்தான் உருவாகும். உருவமற்ற செல் கூட்டத்தில் அது உருவாவது அரிது. 1 கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை தேவை என்பது கணக்கு. வயலில் விளையும் இலைக்கு இன்றும் தேவை இருப்பது இதனால்தான்.

வறட்சியும் உப்பும் வேரில் அஜ்மாலிசினைக் கூட்டுவதை அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால், செடியின் வளர்ச்சி குறைந்துவிடும். எடை பார்த்து விற்பவருக்கு அது நஷ்டம். எனவே, சத்து கூடும் என்று உப்புநீரைப் பாய்ச்ச வேண்டாம்.

இந்தச் செடிக்கு விதையே போதும். நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு 1 கிலோ தேவை. விதை மிகச் சிறியது என்பதால், மணலுடன் கலந்து பருவமழையை ஒட்டித் தூவலாம். லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் (சிமாப்) வெளியிட்ட 'நிர்மல்', 'தவல்' ரகங்களை விசாரித்து வாங்கலாம். 6-ம் மாதமும் 9-ம் மாதமும் இலை பறித்து, 12-ம் மாதம் செடியை வேரோடு எடுக்கலாம். இலையை நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்து, விலை போகாது.

விதைப்பதற்கு முன்பே வாங்குபவரிடம் பேசிவிடுங்கள். எடைக்கு விலையா, பரிசோதித்த சத்து அளவுக்கு விலையா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சத்துக்கு விலை என்று எழுதித் தராதவரிடம், சத்து கூடும் என்று கன்று வாங்குவதில் பயனில்லை.

இது நச்சுத்தன்மை கொண்ட செடி. இலையையோ வேரையோ கைவைத்தியமாக உட்கொள்ளக் கூடாது.