லென்ஸைக் கழற்றினால் கண் கெட்டுப்போகுமா?

சென்ற மாதம் மடுல்சீமையில் என் மாணவன் ஒருவனின் தாயார் வீடு தேடி வந்தார். மகனுக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது.

"மூணு கிழமைக்கு லென்ஸ் போட வேணாம், பொறகு படம் எடுக்கணும்னு டொக்டர் சொல்லிட்டார் மௌலவி. கழட்டின நாள்ல இருந்து புள்ளட பார்வை மங்கிக்கிட்டே போகுது. திரும்பப் போடச் சொல்லவா?"

கரும்பலகையைப் பார்த்து எழுதவில்லை என்று அவனை நானே கண்டித்திருக்கிறேன். அதனால் விசாரித்துத் தெரிந்துகொள்வது என் கடமையாயிற்று.

அவனுக்கு இருப்பது கெரட்டோகோனஸ். கண்ணின் முன்னே கடிகாரக் கண்ணாடி போல் வளைந்துள்ள தெளிந்த படலம் மெலிந்து, கூம்பாக முன்தள்ளும் நோய். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். மூக்குக் கண்ணாடி போதாதபோது கடினமான கொன்டக்ட் லென்ஸ் கொடுப்பார்கள். லென்ஸுக்கும் படலத்துக்கும் நடுவே கண்ணீர் நிரம்பி மேடுபள்ளத்தைச் சமன்செய்வதால் பார்வை தெளிகிறது.

ஆனால் லென்ஸ் நோயைக் குணப்படுத்துவதில்லை, தடுத்து நிறுத்துவதுமில்லை. நாளெல்லாம் கண்ணில் இருப்பதால் படலத்தின் வடிவத்தைச் சற்றே மாற்றிவிடுகிறது. இறுக்கமான தொப்பி நெற்றியில் தடம் பதிப்பதைப் போலத்தான். கழற்றிய பின் அத்தடம் மெல்ல மறையும். அமுங்கியிருந்த கூம்பு மறுபடி எழக்கூடும். சிலருக்குச் சில நாட்கள், சிலருக்குப் பல கிழமைகள் செல்லும். அதற்குள் பார்வை மாறுவது லென்ஸைக் கழற்றியதால் வந்த கேடல்ல, மறைந்திருந்தது வெளிப்படுகிறது.

கழற்றிய அன்றே படம் எடுத்தால் நோய் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியலாம். பிறகு கிழமைகள் கழித்து எடுத்த படத்தை அதனோடு ஒப்பிட்டால், வளராத நோயும் வளர்ந்ததாகத் தோன்றலாம். அவசரமாக அளவெடுத்த மூக்குக் கண்ணாடியும் சில நாட்களில் பொருந்தாமற் போகும்.

இந்த அளவை வைத்தே சிகிச்சை தீர்மானமாகிறது. ரைபோபிளேவின் எனும் விற்றமின் துளியும் புற ஊதாக் கதிரும் கொண்டு படலத்தை உறுதியாக்கும் முறையை ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவாக்கினார்கள். நோயாளரிடம் கண்ட முதற் பலன்கள் 2003இல் வெளியாகின. அது நோய் வளர்வதை நிறுத்தவே. காலந்தாழ்த்தி நோய் மிக முற்றினால், 1961இல் டாக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கம் போன்றவை சேகரிக்கும் கருவிழிக்காகக் காத்திருக்க வேண்டிவரும்.

பெற்றோரே, வைத்தியர் சொன்ன நாள் வரை பொறுங்கள். பரீட்சைக் காலமென்றால் திகதியை மாற்றலாமா, ஒவ்வொரு கண்ணாகக் கழற்றலாமா என்று அவரிடமே கேளுங்கள். பிள்ளையைக் கண் கசக்க விடாதீர்கள். வுழூச் செய்யும் குழாய் நீரில் லென்ஸைக் கழுவ வேண்டாம். திடீரென வலித்துக் கண் வெளுத்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

அந்த மாணவன் இப்போது முன்வரிசையில் அமர்கிறான். பலகையில் நான் எழுதுவதைப் பக்கத்துப் பையன் வாசித்துச் சொல்கிறான். மூன்று கிழமைக்கு அது போதும்.