கைத்தள்ளு வீல்சேரில் மோட்டார் மாட்டலாமா? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புனேயில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கும் வானவடி பழக்கமான பகுதிதான். ஆனால் அங்கே இருக்கும் செயற்கை உறுப்பு மையத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டாம் உலகப் போரில் கை, கால் இழந்த வீரர்களுக்காக 1944-ல் தொடங்கப்பட்ட ராணுவ நிறுவனம் அது. 80 ஆண்டுகள் கழித்து, உடல் இயக்கக் குறைபாடு பற்றிய கேள்வி கொஞ்சம் மாறியிருக்கிறது. எழுந்து நடப்பது எப்படி என்பதோடு, தினமும் ஆபீஸுக்குப் போய்வருவது எப்படி என்பதும் இன்று சேர்ந்துவிட்டது.

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 54 லட்சம் பேர். அவர்களில் வீல்சேர் பயன்படுத்தும் பலரும் அதைக் கையால்தான் தள்ளுகிறார்கள்.

கையால் தள்ளினால் என்ன பிரச்னை?

தோள்பட்டைதான் பிரச்னை. நம் இடுப்பு மூட்டு உடல் எடையைத் தாங்குவதற்காக அமைந்தது. தோள் மூட்டு அப்படியல்ல, கையை எல்லாப் பக்கமும் சுழற்றுவதற்காக அமைந்தது. அதை வைத்து நாள் முழுக்க உடம்பையும் வண்டியையும் நகர்த்தினால், சில ஆண்டுகளில் வலி வந்துவிடும். படுக்கையிலிருந்து வீல்சேருக்கு மாறவும் அதே தோள்தான் வேண்டும். தோள் போனால், இருக்கிற சுதந்திரமும் போய்விடும்.

அப்படியானால் முழு எலக்ட்ரிக் வீல்சேர் வாங்கலாமே?

கைப்பிடி வலு இல்லாதவர்களுக்கும், உடலை நிமிர்த்தி உட்கார முடியாதவர்களுக்கும் அதுதான் சரி. மற்றவர்களுக்கு அதன் எடை பெரிய தலைவலி. ஆட்டோவில் ஏற்ற முடியாது, மாடிக்குத் தூக்க முடியாது. அதனால்தான் இருக்கும் வண்டியிலேயே மோட்டாரைச் சேர்க்கும் யோசனை வந்தது. இதில் மூன்று வகைகள் உண்டு.

ஒன்று, சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். நீங்கள் சக்கர வளையத்தைத் தள்ளும் விசையை சென்சார் அறிந்து, மோட்டார் கூடுதல் விசை தரும். நெரிசலான இடத்திலும் வண்டி உங்கள் கையிலேயே இருக்கும்.

இரண்டு, பின்னால் பொருத்தும் சிறிய மோட்டார் சக்கரம். 'ஸ்மார்ட் டிரைவ்' இந்த வகை. எடை சுமார் 6 கிலோதான்.

மூன்று, முன்னால் மாட்டும் கைப்பிடியுடன் கூடிய சக்கரம். மாட்டியதும் முன்பக்கச் சிறு சக்கரங்கள் தரையிலிருந்து எழும்பி, வண்டி மூன்று சக்கர ஸ்கூட்டர் போல ஆகிவிடும். குண்டும் குழியுமான நம் ஊர் சாலைகளுக்கு இதுதான் அதிகம் பொருந்தும்.

நம் நாட்டில் கிடைக்கிறதா?

கிடைக்கிறது. சென்னை ஐஐடி பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் வழிநடத்தும் டிடிகே மறுவாழ்வு ஆராய்ச்சி மையமும், அங்கே உருவான நியோமோஷன் நிறுவனமும் 2021-ல் 'நியோபோல்ட்' என்ற முன்சக்கர மோட்டாரை அறிமுகப்படுத்தின. மணிக்கு அதிகபட்சம் 25 கி.மீ. வேகம், ஒரு சார்ஜில் 30 கி.மீ. வரை ஓடும் என்றது நிறுவனம். அறிமுக விலை 55,000 ரூபாய். அடுத்த ஆண்டே, இப்படி ஒரு வண்டியில் சென்னையில் உணவு டெலிவரி செய்தவரின் வீடியோ வைரலானது.

இதன் உண்மையான பலன் வேகம் அல்ல. மோட்டார் டிரைசைக்கிள் உங்களை ஆபீஸ் வாசல் வரைதான் கொண்டுவிடும். லிஃப்டுக்குள் போக இன்னொரு வீல்சேரும், ஏறி இறங்க ஓர் ஆளும் வேண்டும். இதிலோ, வாசலில் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு அதே இருக்கையில் உள்ளே போய்விடலாம். இன்னொருவர் உதவிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் நாற்காலி. மருத்துவமனைகளில் இருக்கும் மடக்கு வீல்சேர், பிறர் தள்ளுவதற்காகச் செய்தது. மோட்டாரின் இழுவையை அதன் சட்டகம் தாங்குமா என்று கேட்காமல் மாட்டாதீர்கள். உடல் அளவுக்குப் பொருந்தாத நாற்காலிக்கு மோட்டார் மாட்டினாலும் முதுகு வலியும் படுக்கைப் புண்ணும் தீராது.

அடுத்து சரிவு. முன்சக்கர மோட்டாரில் உடல் எடை பெரும்பாலும் பின்னால் இருக்கும். ஈரமான ஏற்றத்தில் முன்சக்கரம் வழுக்கலாம். உங்கள் அபார்ட்மென்ட் சரிவிலேயே ஓட்டிப் பார்த்து, பிரேக்கையும் சோதியுங்கள்.

விமானத்தில் போவீர்களா? கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரிக்கு சர்வதேச விதிப்படி 300 வாட்-மணி வரம்பு உண்டு. விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற வேண்டும்.

மோட்டார் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. எந்த மோட்டாரும் படி ஏறாது. கட்டடங்களும் போக்குவரத்தும் எல்லோருக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஆனால் அதன் விதிகள் வெறும் பரிந்துரைகள் போல இருப்பதாகச் சொன்ன உச்ச நீதிமன்றம், கட்டாய விதிமுறைகளை மூன்று மாதங்களில் வகுக்குமாறு 2024 நவம்பரில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

ஒரு மீட்டர் உயரம் ஏற 12 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும் என்பது பொதுவான அளவு. நாளை ஆபீஸ் போகும்போது உங்கள் வாசலை ஒருமுறை பாருங்கள். அங்கே இருப்பது சாய்தளமா, அல்லது பெயருக்குப் பூசிவைத்த சிமென்ட் சறுக்கா? அதைச் சரிசெய்யச் சொல்லி ஒரு மெயில் போட, நீங்கள் வீல்சேரில் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.