முனை மழுங்கிய கத்தி

நம் உறவினரான இளைஞர் ஒருவர் 108 ஆம்புலன்ஸில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். 2008-ஆம் வருஷம் முதல் தமிழ்நாட்டுச் சாலைகளில் அலறிக்கொண்டு ஓடும் அந்த வண்டிகளை வாசகர்கள் அறிவார்கள். முதல் மாதச் சம்பளத்தில் மடக்குக் கத்தி ஒன்று வாங்க வேண்டுமென்று சொல்லி, அவர் நம்மையும் கடைக்கு அழைத்தார். கத்தி விஷயத்தில் நம் அநுபவம் மாம்பழம் நறுக்குவதோடு சரி, ஆயினும் சென்றோம்.

கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியது, கரிய நிறமும் ஊசி முனையும் கொண்ட ஓர் அழகிய ஆயுதம். இளைஞரின் கண்கள் அதிலேயே பதிந்துவிட்டன. நம் மனத்திலோ வேறொரு காட்சி தோன்றிற்று. கவிழ்ந்து கிடக்கும் மோட்டார் வண்டி. உள்ளே ஸீட் பெல்ட்டில் சிக்கி ஒரு தாய் வலியால் துடிக்கிறாள். பட்டை அவள் கழுத்தோரம் இறுகியிருக்கிறது. அந்த இடுக்கில் ஊசி முனையைச் செலுத்துவதா?

"நீ வாங்குவது குத்துவதற்கா, அறுப்பதற்கா?" என்று கேட்டோம்.

"அறுக்கத்தான், மாமா" என்று சொல்லி, அரை மனத்தோடு அதைக் கீழே வைத்தார்.

முனை மழுங்கியிருக்க வேண்டும். அலகில் ரம்பப் பற்கள் இருக்க வேண்டும். பாலியெஸ்டர் நூலால் நெருக்கி நெய்த பட்டையைப் பற்கள் கவ்வி அறுக்கும். அதனினும் மேலானது, கூரெல்லாம் உள்வளைவில் மறைந்திருக்கும் கொக்கி; அதில் பட்டை நுழையும், விரல் நுழையாது.

அடுத்தது பூட்டு. இதில் நாம் பட்டறிந்தவர்கள். சிறு வயதில் பூட்டில்லாத பேனாக்கத்தியால் கொட்டாங்கச்சியைக் குடைந்தபோது, அது மடங்கி நம் சுட்டுவிரலைக் கவ்விய தழும்பு இன்றும் இருக்கிறது. விரித்த அலகு அசையாமல் நிற்க வேண்டும். கையுறை அணிந்து, இடக் கையால் மட்டும் திறக்கவும் மூடவும் வர வேண்டும். வலக் கை யாரைத் தாங்கிக்கொண்டிருக்குமோ, யார் கண்டது?

கைப்பிடியின் அடியில் கடினமான உலோக முள் இருந்தால், காரின் பக்கக் கண்ணாடியை மூலையில் தட்டிப் பொடியாக்கலாம். முன் கண்ணாடியிடம் அது பலியாது. இரண்டு கண்ணாடிகளுக்கிடையே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியிருப்பதால், விரிசல் விடுமே தவிர உதிராது. 1891-இல் ஸ்விஸ் ராணுவத்துக்குப் பேனாக்கத்தி செய்து கொடுத்த பட்டறையின் வழிவந்த விக்டோரினாக்ஸ் கம்பெனியார், மீட்புப் பணிக்கென்றே செய்த கத்தியில் இந்தக் கண்ணாடியை அறுக்க ரம்பமும் வைத்திருக்கிறார்கள். விலையைக் கேட்டதும் இளைஞர் நம் முகத்தைப் பார்த்தார். நாம் கூரையைப் பார்த்தோம்.

கடைசியில் ஆரஞ்சு நிறக் கைப்பிடியும் மொட்டை முனையும் கொண்ட ஒன்றை வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் பழைய பட்டையொன்றைத் தூணில் கட்டி அறுத்துப் பழகினார். நாலாவது தடவை ஒரே இழுப்பில் அறுந்தது. நாம் கை தட்டினோம்.

"இது எளிது, மாமா. தலைகீழாகத் தொங்குகிறவரை முதலில் ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். பிறகுதான் கத்தி. இல்லாவிட்டால் நாங்களே அவர் கழுத்தை முறித்தவர்களாவோம்" என்றார்.

நம் வீட்டு அம்மாள் கத்தியை வாங்கி, ஒரு வாழைக்காயை நறுக்கிப் பார்த்துவிட்டு, "இது ஒன்றுக்கும் உதவாது" என்று திருப்பிக் கொடுத்தாள்.