மார்ச் வெயிலில் சுருங்கும் கோதுமை: நஷ்டக் கணக்கை யார் எழுதுவது?

2022 ஏப்ரல். பஞ்சாப், ஹரியானா வயல்களில் கோதுமை வழக்கம்போலப் பொன்னிறமாகத்தான் நின்றது. ரோட்டில் போகிறவர் பார்த்தால் ‘நல்ல வெள்ளாமை’ என்றுதான் சொல்லியிருப்பார். அறுவடை இயந்திரம் ஓடி முடித்து, மண்டியில் எடை போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. மூட்டை குறைந்திருந்தது. கையில் அள்ளிப் பார்த்தால் மணி ஒல்லியாக, சுருங்கிக் கிடந்தது.

வெள்ளம் வந்தால் டிவியில் காட்டலாம். வறட்சி வந்தால் வெடித்த நிலத்தைப் படம் பிடிக்கலாம். இந்த நஷ்டத்தைப் படம் பிடிக்கவே முடியாது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரையிலான இளவேனில் காலத்தில் வானிலை கொஞ்சம் தடம் மாறினாலே, ஐந்து மாத உழைப்பில் ஒரு பகுதி சத்தமில்லாமல் போய்விடுகிறது. இன்று வரை இதற்குச் சரியான கணக்கும் இல்லை, நியாயமான ஈடும் இல்லை.

அந்த மார்ச்சில் என்னதான் நடந்தது?

1901-ல் தேசிய அளவிலான பதிவுகள் தொடங்கியதிலிருந்து, 2022 வரையிலான 122 ஆண்டுகளில் மிக வெப்பமான மார்ச் அதுதான். நாட்டின் சராசரி அதிகபட்ச வெப்பநிலை 33.1 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வழக்கமாக மார்ச்சில் நாடு முழுக்கச் சராசரியாக 30.4 மி.மீ. மழை பெய்யும். அந்த ஆண்டு பெய்தது 8.9 மி.மீ. அதாவது 71 சதவீதம் குறைவு.

இரண்டுக்கும் தொடர்பு உண்டு. குளிர்காலத்திலும் இளவேனிலிலும் வடமேற்கு இந்தியாவுக்கு மழை கொண்டுவருவது, மத்தியத் தரைக்கடல் பக்கமிருந்து நகர்ந்துவரும் ‘மேற்கத்திய இடையூறுகள்’. அவை வலுவாக வந்தால் மேகம், மழை, குளிர்ச்சி கிடைக்கும். வராவிட்டால் வானம் வெளுத்து, வெயில் சீக்கிரமே ஏறிவிடும். 2022-ல் அதுதான் நடந்தது.

சரி, 33 டிகிரி எல்லாம் ஒரு வெயிலா என்று சென்னைக்காரர்கள் கேட்கலாம். மனிதருக்கு அது பெரிய விஷயமில்லை. கோதுமைக்குப் பெரிய விஷயம்.

மார்ச் மட்டும் ஏன் இவ்வளவு முக்கியம்?

வட இந்தியாவில் கோதுமை விதைப்பது நவம்பரில். பிப்ரவரியில் கதிர் வெளிவந்து பூக்கும். அதன் பிறகு சுமார் ஐந்து, ஆறு வாரங்கள்தான் மணிக்குள் மாவுச்சத்து சேரும் காலம். ‘பால் பிடிக்கும் பருவம்’ என்று நெல்லுக்குச் சொல்வார்களே, அதே பருவம். சித்திரை முதல் நாளையொட்டி பஞ்சாபில் பைசாகி கொண்டாடப்படும்போது கதிர் அறுவடைக்குத் தயாராக இருக்கும்.

இந்தச் சில வாரங்கள் மிதமான குளிராக இருந்தால் செடி நிதானமாக மணியை நிரப்பும். வெப்பம் தொடர்ந்து 30 டிகிரியைத் தாண்டினால் மூன்று விஷயங்கள் நடக்கின்றன. முதலில், செடி அவசரப்படுகிறது. இலைகள் சீக்கிரமே மஞ்சளாகி, மணி நிரம்பும் நாட்கள் குறைகின்றன. அடுத்து, சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றும் நொதிகள் வெப்பத்தில் மந்தமாகிவிடுகின்றன. மூன்றாவதாக, இரவும் குளிராமல் போனால், பகலில் செடி சேர்த்ததில் ஒரு பங்கை அதுவே சுவாசத்தில் செலவழித்துவிடுகிறது. சிம்பிளாகச் சொன்னால், அடுப்பை அதிகமாக வைத்து அவசரமாக இறக்கிய சோறு மாதிரி. வெளியே வெந்ததுபோல் இருக்கும். உள்ளே பதம் இருக்காது.

‘தண்ணீர் விட்டால் சரியாகிவிடாதா?’ என்று கேட்கலாம். பஞ்சாபில் கிட்டத்தட்ட முழு சாகுபடிப் பரப்புக்கும் பாசனம் உண்டு. அப்படியும் 2022-ல் அங்கே ஹெக்டேருக்கு ஏறக்குறைய 48 குவிண்டாலாக இருந்த சராசரி விளைச்சல் 43 குவிண்டால் அளவுக்கு இறங்கியது. தண்ணீர் சூட்டைக் கொஞ்சம் தணிக்கும். முழுக்கத் தடுக்காது.

மழை வந்தாலும் பிரச்னையா?

வந்தது, அடுத்த ஆண்டே. 2023 பிப்ரவரி, 1901-க்குப் பிறகு அதிகபட்ச வெப்பநிலைச் சராசரியில் மிக உயர்ந்த பிப்ரவரியாகப் பதிவானது: 29.54 டிகிரி. மறுபடியும் 2022 மாதிரி ஆகிவிடுமோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தபோது, மார்ச் இரண்டாம் பாதியில் கதை தலைகீழானது. பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் எங்கும் பலத்த காற்று, மழை, ஆலங்கட்டி.

ஒரே மழை, வரும் நாளைப் பொறுத்து வரமாகவும் ஆகும், சாபமாகவும் ஆகும். பிப்ரவரித் தூறல் மணியை நிரப்ப உதவும். மார்ச் கடைசியில் கனத்த கதிரோடு நிற்கும் பயிர்மீது காற்றோடு மழை விழுந்தால், பயிர் அப்படியே படுத்துவிடும். படுத்த பயிரை இயந்திரத்தால் முழுசாக அறுக்க முடியாது. ஈர வயலில் இயந்திரம் இறங்கவும் முடியாது, சக்கரம் புதையும். காத்திருக்கும் நாட்களில் மணி நனைந்து காய்ந்து பளபளப்பை இழக்கும். சில இடங்களில் கதிரிலேயே முளைவிடும்.

அதோடு முடியவில்லை. மண்டியில் கோதுமைக்கு ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 14 வரை விலைப் பிடித்தத்தோடு வாங்குவார்கள். அதற்கு மேல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டெல்டா விவசாயிகளுக்கு இது புதுசில்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி அவர்கள் கேட்பது, அறுவடை நேரத்தில் மழை பெய்யும் ஒவ்வொரு முறையும் செய்தியாகிறது.

2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் மத்திய அரசு கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது. சுருங்கிய, உடைந்த மணிகளுக்கான 6 சதவீத வரம்பு 18 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. 2023-ல் பளபளப்பு இழந்த கோதுமையும் 80 சதவீதம் வரை ஏற்கப்பட்டது. ஆனால் அந்த ஆண்டு சேதத்தின் அளவுக்கு ஏற்ப விலையில் சிறு பிடித்தமும் இருந்தது. வாங்க மறுப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இது மூட்டையின் தரத்துக்கான தீர்வு மட்டுமே. வராமலேயே போன மூட்டைக்கு என்ன பதில்?

தட்டில் எப்படித் தெரிந்தது?

தமிழ்நாட்டில் கோதுமை சாகுபடி பெயரளவுக்குத்தான். ஆனால் காலை ரவை உப்புமா, மாலை பேக்கரி பன், இரவு பரோட்டா எல்லாமே அந்த வடக்கத்தி வயல்களிலிருந்து வருபவைதான். அங்கே மார்ச்சில் நடப்பது இங்கே மளிகை பில்லில் வந்து நிற்கும்.

2022-ல் இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. விளைச்சல் குறைந்தது, உக்ரைன் போரால் உலகச் சந்தையில் விலை ஏறியதால் தனியார் வியாபாரிகள் அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். விளைவு, முந்தைய ஆண்டு சுமார் 433 லட்சம் டன் கோதுமை வாங்கிய அரசுக்கு, அந்த ஆண்டு கிடைத்தது சுமார் 188 லட்சம் டன்தான். மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. இலவச உணவு தானியத் திட்டத்தில் கோதுமைக்குப் பதில் அரிசி கொடுக்கப்பட்டது. பீகார், கேரளா, உத்தரப் பிரதேசத்துக்கு அந்தத் திட்டத்தின் கோதுமை ஒதுக்கீடு முழுசாகவே நிறுத்தப்பட்டது. எல்லாப் பழியையும் வெயில்மீது போட முடியாது. ஆனால் வெயில் இல்லாவிட்டால் போரின் அடி இவ்வளவு பலமாக விழுந்திருக்காது.

காப்பீடு கைகொடுக்காதா?

இங்கேதான் சிக்கல். ஹெக்டேருக்கு 5 குவிண்டால் குறைந்தால், அந்த ஆண்டின் குறைந்தபட்ச ஆதரவு விலையான 2,015 ரூபாய் கணக்கில் பார்த்தாலே 10,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம். ஏக்கருக்கு சுமார் 4,000 ரூபாய். விதை, உரம், டீசல் எல்லாம் ஏற்கெனவே செலவழித்தாகிவிட்டது. குத்தகை நிலம் என்றால் குத்தகைப் பணமும் குறையாது. ஆக, குறைந்த அந்த 5 குவிண்டால் முழுக்க விவசாயியின் கையில் நிற்க வேண்டிய லாபம்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழைக்குத் தனி வழி இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் தனிப்பட்ட வயலைப் பார்த்து நஷ்டம் மதிப்பிடுவார்கள். வெப்பத்துக்கு அப்படி முடியாது; எந்த நாளில் நஷ்டம் நடந்தது என்றே சொல்ல முடியாதே! அதனால் அந்தப் பகுதியின் சராசரி விளைச்சலை வைத்துத்தான் கணக்கு. கடந்த 7 ஆண்டுகளில் நல்ல 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை எல்லைக் கோடாக வைக்கிறார்கள். விளைச்சல் அதற்குக் கீழே போனால்தான் பணம்.

ஒரு உதாரணம். சராசரி 48 குவிண்டால், எல்லை 80 சதவீதம் என்றால் கோடு 38.4 குவிண்டாலில் விழும். கிடைத்தது 43. இழப்பீடு பூஜ்யம். எல்லை 90 சதவீதம் என்றாலும் கோடு 43.2-தான், கிடைப்பது டீச் செலவுக்கு வரும். பத்து சதவீத நஷ்டம் என்பது காப்பீட்டின் கண்ணில் நஷ்டமே இல்லை. விவசாயிக்கு அது அந்தப் பருவத்தின் லாபம். இன்னொரு விஷயம், அந்த இரண்டு ஆண்டுகளிலும் பஞ்சாப் இந்தத் திட்டத்திலேயே இல்லை.

தகவலாவது நேரத்துக்கு வந்ததா?

அதுவும் இல்லை. 2022 பிப்ரவரியில் வெளியான மதிப்பீடு, கோதுமை உற்பத்தி 11.13 கோடி டன் என்றது. வெயில் வந்தது மார்ச்சில். மதிப்பீடு திருத்தப்பட்டது மே மாதத்தில். இடைப்பட்ட காலத்தில் ஏற்றுமதி பற்றிய பேச்சு உற்சாகமாக ஓடிக்கொண்டிருந்தது. இறுதிக் கணக்கு 10.77 கோடி டன். வித்தியாசம் சுமார் 36 லட்சம் டன்.

அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே வேளாண் துறை ஏப்ரல் முதல் நவம்பர் வரை வாரந்தோறும் ஒரு பயிர் அறிக்கை வெளியிடுகிறது. விதைப்பு எத்தனை சதவீதம், மேல்மண்ணில் ஈரம் எப்படி, அந்த வாரத்தில் வயலில் இறங்கி வேலை செய்ய எத்தனை நாள் முடிந்தது, பயிர் ‘மிக மோசம்’ முதல் ‘மிக நன்று’ வரை எந்த நிலையில் இருக்கிறது என மாநில வாரியாகப் போட்டுவிடுவார்கள். 2019 இளவேனிலில் மழை விடாமல் பெய்தபோது, ஜூன் 2 நிலவரப்படி மக்காச்சோள விதைப்பு 67 சதவீதம்தான், வழக்கமாக 96 சதவீதம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. விவசாயி, வியாபாரி, அரசு மூவரும் ஒரே எண்ணைப் பார்த்து முடிவெடுத்தார்கள். அந்த ஆண்டு 1.94 கோடி ஏக்கரில் விதைக்கவே முடியவில்லை. அறிக்கை மழையை நிறுத்தவில்லை. ஆனால் யாரும் இருட்டில் இல்லை.

இந்தியாவில் வாரந்தோறும் விதைப்புப் பரப்பு வெளியாகிறது. எவ்வளவு விதைத்தார்கள் என்பது தெரியும். விதைத்தது எப்படி இருக்கிறது என்பதுதான் தெரியாது. செயற்கைக்கோள் படம், மாவட்ட அளவில் வேளாண் அலுவலர்கள், வானிலை நிலையங்கள் எல்லாம் இருக்கும் நாட்டில், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வாரம் ஒரு பயிர்நிலை அறிக்கை போடுவது முடியாத காரியமில்லை.

என்ன செய்யலாம்?

வயலில் செய்யக்கூடியவை தெரிந்தவைதான். சூடு ஏறும்போது காற்றில்லாத நேரம் பார்த்து லேசாகத் தண்ணீர் விடுவது, பூக்கும் பருவத்தில் பொட்டாசியம் நைட்ரேட் கரைசல் தெளிப்பது எனப் பரிந்துரைகள் இருக்கின்றன. கரண் வந்தனா போல முன்கூட்டியே விதைக்க ஏற்ற ரகங்களும் வந்துவிட்டன. நவம்பர் தொடக்கத்திலேயே விதைத்தால், வெயில் ஏறுவதற்குள் மணி பெரும்பாலும் நிரம்பிவிடும்.

ஆனால் முன்கூட்டி விதைக்க, நெல் வயலைவிட்டு வெளியேற வேண்டுமே! நிலத்தடி நீரைக் காப்பாற்ற, பஞ்சாபிலும் ஹரியானாவிலும் 2009-ல் வந்த சட்டங்கள் நெல் நடவை ஜூனுக்குத் தள்ளின. அதனால் அறுவடை அக்டோபர் கடைசிக்குப் போகிறது. வைக்கோல் தாளை அகற்றிக் கோதுமை விதைக்கக் கிடைப்பது இரண்டு, மூன்று வாரம். டெல்லியை மூச்சுத் திணற வைக்கும் புகையும், மார்ச்சில் சுருங்கும் மணியும் இந்த ஒரே நெருக்கடியின் இரண்டு முனைகள். குறுகிய கால நெல் ரகங்களும், தாளை எரிக்காமல் அதன் ஊடே விதைக்கும் கருவிகளும் சிறு விவசாயிக்கு எட்டும் விலையில் கிடைத்தால் இரண்டும் சேர்ந்தே தளரும்.

காப்பீட்டில் வெப்பத்துக்கு ஒரு தனி அளவுகோல் வேண்டும். மணி நிரம்பும் வாரங்களில் இத்தனை நாள் இத்தனை டிகிரியைத் தாண்டினால் இவ்வளவு தொகை என்று முன்பே எழுதி வைத்துவிட்டால், அறுவடை வரை காத்திருக்கவும் வேண்டாம், கோட்டுக்கு மேலா கீழா என்று வாதாடவும் வேண்டாம்.

வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் உலகக் கோதுமை உற்பத்தி சுமார் 6 சதவீதம் குறையும் என்று 2015-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு கணித்தது. 2022 மாதிரி மார்ச் இனி அபூர்வம் இல்லை. அடுத்த முறை அப்படியொரு வெயில் வரும்போது, முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மண்டித் தராசில்தான் தெரியவரும் என்றால், அந்த நஷ்டத்தை விவசாயி ஒருவரே சுமப்பது தொடரும்.